ஓடும் வரைதான் காந்தம்

முகப்பேர்
8 ஜனவரி 2025

திரு. ஜெகதீசன் அவர்களுக்கு,

கோமளா எழுதுவது. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். போன வாரம் நாம் ஃபோனில் பதினெட்டு நிமிஷம் பேசினோம். அதில் நீங்கள் பேசியது 'ம்' மட்டும். எண்ணினேன், நாற்பத்தொரு 'ம்'. அதனால் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். வாய் வராதவருக்குக் கையாவது வருகிறதா, பார்க்கலாம். புருஷனும் பெண்டாட்டியும் ஸ்பீட் போஸ்ட்டில் பேசிக்கொள்கிறார்களே என்று தபால்காரர் வேண்டுமானால் சிரிக்கட்டும்.

இந்தத் திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன். "இன்னும் ஒரு மாசம் ஊட்லயே இரேன்டி" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். வீட்டில் இருந்தால் தொட்டில் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பெனி வேனில் ஏறினால் வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். திருமழிசையில் எஸ்டேட் சாலைக்குத் திரும்பியதும் ஒரு வேகத்தடை இருக்கிறதே, அங்கே மட்டும் முழிப்பு வருகிறது. பிறகு மறுபடி தூக்கம். பக்கத்தில் உட்காரும் பேபிக்கு இது ஒரு வேடிக்கை. "இன்னா கோமளா, கரெக்டா இங்க வந்தா முழிச்சிக்கிறே, யார்னா கூப்டாங்களா?" என்கிறாள்.

இன்னொரு விஷயம். டெஸ்ட் டேபிளில் இருக்கும், காந்த ஊசி வைத்த சின்ன காம்பஸ், லீவுக்கு முந்தின நாள் தவறி என் கைப்பைக்குள் வந்துவிட்டது. இப்போது பையில் இல்லை. நீங்கள் எடுத்திருந்தால் சொல்லுங்கள். அது எங்கள் டேபிளைத் தவிர வேறெங்கும் உதவாது. பேபி தினமும் நச்சரிக்கிறாள்.

இனி நான் கேட்க வேண்டியது. ஏற்கெனவே மூன்று தடவை கேட்டுவிட்டேன், இது நான்காவது. நவம்பர் பதினான்காம் தேதி காலையில் பாப்பாவை உங்கள் கையில் கொடுத்தார்கள். பத்தொன்பது மணி நேரம் இருந்த பிள்ளை. நான் தையலோடு படுத்திருந்தேன். மத்தியானம் நீங்கள் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். எங்கே வைத்துவிட்டு வந்தீர்கள்? அதெல்லாம் பெற்றவள் கேட்கக்கூடாது என்கிறாள் அம்மா. கேட்கக்கூடாது என்று யார் சொன்னது, பெற்றவளா?

பதினோராம் நாள் "தில்லி மெஷின்ல உனக்கு பீம் டைம் இருக்கே, போ" என்றேன். போய்விட்டீர்கள். போ என்றால் போய்விடுவதா?

கோமளா

*

தில்லி
19 ஜனவரி 2025

கோமு,

'அவர்களுக்கு' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, கவர் வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்தேன். காதலித்த காலத்தில்கூட நீ என்னை நீங்கள் என்றதில்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு இந்த மரியாதை பயமாக இருக்கிறது.

காம்பஸ் என்னிடம்தான் இருக்கிறது. கிளம்பும்போது உன் பையிலிருந்து எடுத்தேன். உன் கை பட்ட ஏதாவது ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும் என்று தோன்றியது. உன் போட்டோவை எடுக்கத் தைரியம் வரவில்லை, காம்பஸை எடுத்துக்கொண்டேன்.

இங்கே பனி. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் இருப்பதில்லை. பத்து மணிக்கு மேல் மாடி மாடியாக அது திரும்பி வருகிறது. அணுக்களை ஓடவிடும் முடுக்கி மெஷின் இருக்கும் கூடத்துக்கு நடந்து போகும்போது தரையில் கால் வைக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. நான் சொன்னதும் இல்லை. இப்போது சொல்கிறேன். எலக்ட்ரான்களை இழந்த அணுவுக்கு அயனி என்று பெயர். அதை மிக வேகமாக ஓடவிட்டு ஒரு தகட்டின் மேல் மோதவிடுகிறோம். தகட்டில் மூன்று அடுக்கு. முதல் அடுக்கு கரி. அதில் இடித்ததும் அயனியின் நடுவில் இருக்கும் அணுக்கரு கிளர்ந்து எழுந்து பம்பரமாகச் சுற்றத் தொடங்குகிறது. இரண்டாவது அடுக்கு இரும்பு. நாங்கள் காந்தமேற்றி வைத்திருக்கும் இரும்பு. அதற்குள் ஓடும்போது, அங்கே ஒரே பக்கம் திரும்பி நிற்கும் எலக்ட்ரான்களை அயனி வழியில் பிடித்துக்கொண்டே போகிறது. அப்போது அணுக்கரு இருக்கும் இடத்தில் ஒரு காந்தப்புலம் எழும். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினைவிட ஆயிரம் மடங்கு. வெளியிலிருந்து யாரும் கொடுத்ததில்லை, ஓட்டத்தால் மட்டும் வந்தது. ஓடும் வரைதான் அது. மூன்றாவது அடுக்கான தாமிரத்துக்குள் போய் அயனி நின்றுவிட்டால் காந்தம் இல்லை.

ஒரு வினாடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை எடுத்து மறுபடி லட்சமாகப் பிரித்தால் வருகிறதே, அந்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் பம்பரத்தின் அச்சு கொஞ்சம் திரும்பியிருக்கும். ஒன்றரை டிகிரிகூட இருக்காது. அணுக்கரு அடங்கும்போது விடும் கதிரில் அந்தத் திருப்பம் தெரியும். அதைப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடு.

சாப்பாடு பரவாயில்லை. உன் தையல் ஆறிவிட்டதா?

ஜெகா

*

முகப்பேர்
30 ஜனவரி 2025

திரு. ஜெகதீசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அயனிக்கு ஒரு பக்கம். பனிக்குக் கால் பக்கம். என் தையலுக்கு ஒரு வரி. நான் கேட்டதற்கு ஒன்றுமில்லை. ஐந்தாவது தடவை கேட்கிறேன். பாப்பாவை எங்கே வைத்தீர்கள்?

தையல் ஆறிவிட்டது. பால் நிற்பதற்குத்தான் மூன்று வாரம் ஆனது. அது உங்களுக்குத் தெரியாது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினாள் அம்மா. அன்றிலிருந்து வேனில் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரியாமல் இல்லை. நானும் இரும்புக்குக் காந்தமேற்றித்தானே சோறு தின்கிறேன். எஞ்சினுக்குப் போகும் கிராங்க் ஷாஃப்டை ஏற்றி, கரண்ட் கொடுத்து, இரும்புத்தூள் கலந்த எண்ணெயை ஊற்றி, இருட்டறையில் ஊதா விளக்கின் கீழே பிடிப்பேன். விரிசல் இருந்தால் பச்சையாக ஒரு மயிரிழை எழுந்து வரும். அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் வெளியே பகலா என்பதுகூடத் தெரியாது. ஒரு பச்சைக் கோடு, அப்புறம் இன்னொரு பச்சைக் கோடு. சில சமயம் தண்ணீருக்கடியில் நின்று வேலை செய்வதுபோல் இருக்கிறது. பேபி கதவைத் தட்டி டீ என்று கத்தினால்தான் மேலே வருகிறேன்.

ஆனால் உங்கள் கணக்கு எங்களுக்கு ஒத்து வராது. இங்கே கரண்டை நிறுத்தின பிறகும் காந்தம் இரும்பை விட்டுப் போகாது. அப்படியே அனுப்பினால் எஞ்சினுக்குள் இரும்புத் துருவலையெல்லாம் இழுத்து ஒட்டவைத்து பேரிங்கைத் தின்றுவிடும். அதனால் இன்னொரு காயிலுக்குள், கம்பிச் சுருளுக்குள் விட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் காம்பஸைப் பக்கத்தில் கொண்டுபோவோம். ஊசி ஆடாவிட்டால் காந்தம் போயிற்று என்று அர்த்தம். அதற்குத்தான் அந்தக் காம்பஸ்.

நின்றுவிட்டால் ஒன்றுமில்லை என்று எழுதுகிறீர்கள். நீங்கள் நிற்கிற ஆளா? பதினோராம் நாளே ஓடினீர்கள்.

பெயர் வைக்கிற பேச்சு வந்தபோதும் இப்படித்தான். நான் சொன்ன பெயரைப் 'பார்க்கலாம்' என்றீர்கள். பார்க்காமலே போய்விட்டது.

கோமளா

*

தில்லி
21 பிப்ரவரி 2025

கோமு,

கோபத்தோடாவது நீ எழுதிக்கொண்டிரு. உன் கடிதம் வரும் நாளில்தான் இங்கே எனக்கு நாள் என்று ஒன்று இருக்கிறது.

ஒரு செய்தி. எங்கள் பரிசோதனை ஓட்டம் முடிந்தது. முடிவு வினோதமாக வந்திருக்கிறது.

பம்பரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. காந்தத்தை ஒரு தடவை மேல்நோக்கி வைத்து எண்ணுவோம், ஒரு தடவை கீழ்நோக்கி. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி. இரண்டையும் ஒப்பிட்டால் எங்கள் கருவியின் கோணல் எல்லாம் கழிந்துபோய், திருப்பம் மட்டும் மிஞ்சும். நாங்கள் எடுத்துக்கொண்ட அணுக்கரு இடப்பக்கம் திரும்பும் என்று எல்லாக் கணக்கும் சொல்கிறது. எங்களுடையது வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. அளவு சரி, திசை நேர் எதிர். எங்கள் குழுத் தலைவர் பத்மா மேடம் மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, "ஜெகதீசன், இது உண்மையானால் பாடப் புத்தகத்தைத் திருத்தணும்" என்றார்.

இதில் உனக்கும் பங்கு உண்டு. ஓட்டத்துக்கு முன்னால் காந்தத்தின் சுருளைக் கழற்றிச் சரிசெய்து மாட்டினோம். எந்த வயர் எந்தப் பக்கம் என்று குழம்பியது. காந்தப்புலம் பார்க்கும் கருவி பழுதுக்குப் போயிருந்தது. என் சட்டைப் பையிலிருந்த உன் காம்பஸை எடுத்து வைத்து, சிவப்பு முனை எங்கே போகிறது என்று பார்த்து, மேல், கீழ் என்று நான்தான் ஒட்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினேன். விடை தெரிந்த வேறொரு அணுக்கருவை வைத்துச் சரிபார்க்க இரண்டு நாள் ஒதுக்கியிருந்தோம். முடுக்கி நின்றுபோய் அந்த இரண்டு நாளும் போய்விட்டது. எப்படியோ நம் திருமழிசைக் காந்தமெல்லாம் உலக இயற்பியலில் ஏறப் போகிறது.

மார்ச் இருபதாம் தேதி கட்டுரையை அனுப்புகிறோம். ஜெர்மனியில் ஒரு குழு கேள்விப்பட்டு, இரண்டு வருஷத்துக்கு வருகிறாயா என்று கேட்டிருக்கிறது. நீயும் வரலாம். வேறு ஊர், வேறு மழை. அங்கே யாரும் நம்மை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கும்போது எனக்குப் பாப்பா ஞாபகம்தான். அந்த அணுக்கருவும் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. இருந்த வரைக்கும் திரும்பியதை மட்டும் யாருக்கோ காட்டிவிட்டுப் போகிறது. அவளும் அப்படித்தான் வந்தாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜெகா

*

முகப்பேர்
8 மார்ச் 2025

ஜெகதீசன்,

அவள் மூன்று கிலோ முந்நூறு கிராம். அணுக்கரு இல்லை. இன்னொரு தடவை என் பிள்ளையை உங்கள் தகட்டுக்கு உதாரணம் சொன்னால் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

அதைச் சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. எட்டு நாளாக ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காம்பஸ் தலைகீழ். அதன் சிவப்பு முனை தெற்கைக் காட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காந்தமேற்றும் காயிலுக்குள் அதைக் கை தவறி விட்டுவிட்டேன். உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்தபோது ஊசிக்கு வால் தலையாகிவிட்டது. பேபி பார்த்துவிட்டு, "ஊசி உல்ட்டாவா கீது, வுடு, ஆடுதா இல்லியான்னுதான நமக்கு வோணும், எங்க பாக்குதுன்னா இன்னா" என்றாள். உண்மைதான். எங்களுக்கு ஆட்டம் போதும், திசை வேண்டாம். ஒர்க் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எழுதி ஒட்டவில்லை. எங்கள் டேபிளைத் தவிர வேறெங்கும் உதவாது என்று முதல் கடிதத்திலேயே சொன்னேனே.

நீங்கள் மேல் என்று ஒட்டியது கீழ். கீழ் என்றது மேல். உங்கள் பம்பரம் எல்லோரும் சொன்ன பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

எட்டு நாள் ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்பீர்கள். முதல் இரண்டு நாள், ஊருக்கு முன்னால் தப்பாகட்டும் என்று நினைத்தேன். நல்லா வேணும் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். பிறகு ஜெர்மனி ஞாபகம் வந்தது. நான் சொன்னால் உங்களுக்கு அது போய்விடும். சொல்லாவிட்டால் நீங்கள் போய்விடுவீர்கள். எதற்காகச் சொல்கிறேன், உங்கள் நல்லதுக்கா, போகவிடாமல் பிடித்து வைக்கவா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகத்தோடு எழுதக்கூடாது என்று இருந்தேன்.

நேற்று இருட்டறையில் ஒரு ஷாஃப்டில் மெல்லிசாகப் பச்சைக் கோடு வந்தது. அவசர ஆர்டர். சூப்பர்வைசர் வெளியே நிற்கிறார். பார்க்காததுபோல் விட்டுவிடலாம். விடவில்லை, சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுத் தள்ளி வைத்தேன். அதைச் செய்கிற கைக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இதற்குப் பதிலாக எதுவும் கேட்கவில்லை. ஆறாவது தடவையும் கேட்கவில்லை. உங்களால் முடியாது என்று புரிந்துகொண்டேன்.

கோமளா

*

தில்லி
17 மார்ச் 2025

கோமு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனேன். உச்சி வெயில், என் நிழல் வடக்கே விழுந்திருந்தது. காம்பஸைக் கையில் வைத்தேன். ஊசி ஆடி ஆடி நின்றது. சிவப்பு முனை நிழலுக்கு நேர் எதிரே, சூரியன் பக்கம். கிட்டத்தட்ட நான்கு மாதம் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், கூடத்துக்குள் சுற்றிலும் இரும்பு, ஒரு தடவைகூட வெளியே எடுத்து வடக்கு எது என்று பார்க்கவில்லை.

பத்மா மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கட்டுரை நின்றுவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த பக்கமே திரும்புகிறது என்று சின்னதாக ஒன்று எழுதி அனுப்புவோம். ஜெர்மனிக்காரர்களுக்கு நானே எழுதிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. எழுதி முடித்ததும் நன்றாகத் தூக்கம் வந்தது.

நீ ஆறாவது தடவை கேட்கவில்லை. ஐந்து தடவை கேட்டபோது வராதது இப்போது வருகிறது. எழுதி முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று கதவைத் தாழிட்டிருக்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கூட யாராவது வருகிறார்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஆட்டோவில் ஏறினேன். மழை. டிரைவர் என் மடியைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் திரையை இறக்கிவிட்டார். எங்கே போக என்று கேட்டார். எனக்கு எந்த இடமும் தெரியாது. உன் வேன் போகும் வழிதான் தெரியும். வேலப்பன்சாவடி வழியாகத் திருமழிசை என்றேன்.

நெடுஞ்சாலை மேடுபள்ளத்தில் ஆட்டோ ஆடியது. துணியைக் கொஞ்சம் விலக்கினேன். உன் மூக்கு. நெற்றி மட்டும் என்னுடையது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அவளோடு பேசிக்கொண்டே போனேன். இது மதுரவாயல் பாலம், இது பூந்தமல்லி, இந்தப் பக்கம் போனால் அம்மா வேலை செய்கிற இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். கோமு, அந்த முக்கால் மணி நேரம் நான் அப்பாவாக இருந்தேன். அதற்கு முன்னாலும் இல்லை, பிறகும் இல்லை. அதை உன்னிடம் சொல்லிவிட்டால் அதுவும் முடிந்துவிடும் என்று பயந்தேன். உனக்கு ஒரு நிமிஷம்கூடக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். நீ போ என்றதற்காக நான் போகவில்லை. இருந்தால் நீ கேட்பாய் என்றுதான் ஓடினேன்.

எஸ்டேட் சாலைக்குத் திரும்பியதும் வேகத்தடை. அதைத் தாண்டி இடப்பக்கம் இடுகாட்டின் குட்டைச் சுவர், உள்ளே பூவரச மரம். அதுதான் இடம். மரத்தடியில், சுவர் ஓரமாக. தினமும் இரண்டு தடவை நீ அவளைக் கடந்து போய் வருகிறாய். நீ பக்கத்தில் வந்து போகும்படி இருக்கட்டும் என்றுதான் அந்த இடத்தைப் பிடித்தேன். பிறகு, தெரிந்தால் எப்படி நீ அந்த வேனில் உட்காருவாய் என்று சொல்லவில்லை. நீ முதல் கடிதத்தில் அங்கே மட்டும் முழித்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேகத்தடையில் வேன் தூக்கிப்போட்டால் யாருக்கும் முழிப்பு வரும், எனக்குத் தெரியும். ஆனாலும் படித்துக்கொண்டே இருந்தேன்.

அங்கே இருந்த சின்னசாமி என்பவர் குழியை வெட்டி, தண்ணீரை இறைத்துவிட்டு, பதிவு நோட்டை எடுத்தார். "கொயந்தைக்கு பேர் இன்னா சார்?" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'கோமளாவின் குழந்தை' என்றுதான் இருந்தது. பேர் வைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீ சொல்லி, நான் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட பெயரைத்தான் சொன்னேன். வர்ஷா என்று எழுதிக்கொண்டார்.

அவள் கையில் கட்டியிருந்த சீட்டு என்னிடம் இருக்கிறது. மார்ச் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை சென்ட்ரலுக்கு வந்து சேருவேன். வேலையைக் காட்டி இனி எங்கும் ஓட மாட்டேன். நீ வீட்டுக்குள் விடுவாயா என்று தெரியவில்லை. விடாவிட்டால் ஆவடியில் அக்கா வீட்டில் இருப்பேன். அந்த இடத்துக்கு நீ தனியாகப் போக வேண்டுமென்றால் போ. உனக்கு அதற்கு உரிமை உண்டு.

ஜெகா

*

முகப்பேர்
24 மார்ச் 2025

வர்ஷா அப்பாவுக்கு,

கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பெற்றவள் கேட்கக்கூடாது என்றவள், முடியும் வரை கேட்டுவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நெத்தி அவனுதுதான், நான் பாத்தேன்" என்றாள். அவ்வளவு நாளாக அதை அவளும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரத்தை நீயே வைத்துக்கொண்டாய் என்று கோபம் வருகிறது. நேரில் நன்றாகத் திட்டுவேன், தயாராக வா. ஆனால் மதுரவாயல் பாலத்தைக் காட்டினேன் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியைப் பேபியிடம்கூடச் சொல்லவில்லை. அதை நானும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில் பிடித்து அம்பத்தூரில் இறங்கு. நான் ஸ்டேஷனில் நிற்பேன். அக்கா வீடு, கிக்கா வீடெல்லாம் வேண்டாம். காம்பஸை மறக்காமல் கொண்டுவா, அதை ஷாப்பில் வைத்தாக வேண்டும். இந்தத் தடவை சிவப்பு முனை தெற்கு என்று எழுதி ஒட்டிவிடுகிறேன்.

இன்று காலை வேனில் தூங்கவில்லை. வேலப்பன்சாவடி, பூந்தமல்லி எல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். எஸ்டேட் சாலை திரும்பியது. வேகத்தடையில் வேன் ஏறி இறங்கியது. இடப்பக்க ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தேன். "இன்னாடி, டெய்லி இங்க முழிச்சிக்குவே, இன்னிக்கு கண்ண மூடிக்கினு கீறே?" என்றாள் பேபி.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் மூடிக்கொண்டேன்.

கோமு